ஐரோப்பிய ஒன்றியம் கத்தோலிக்கர்கள் கட்டிய வீடா?

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இது: நிலக்கரி, எஃகு, சுங்க வரி என்று முழுக்கப் பொருளாதாரக் கணக்காகத் தொடங்கிய ஐரோப்பிய ஒருங்கிணைப்பில் மதத்துக்கு என்ன பங்கு? அதைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாகவும், விலகி நின்றவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் நாட்டவர்களாகவும் இருந்தது தற்செயலா?

தற்செயல் அன்று என்பதே என் கருத்து. ஆனால் உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது வத்திக்கானின் திட்டம் என்று அரைநூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த முயற்சியை வாழ்த்தினார், அதை வகுக்கவில்லை. நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கலாம் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் 1950இல் வெளியிட்ட அறிவிப்பை வரைந்தவர், பிரெஞ்சுப் பொருளாதாரத் திட்ட அதிகாரி ஜான் மோனே. அவர் பக்திமான் என்று பெயர் எடுத்தவர் அல்லர். மதம் வேலை செய்தது வேறோர் ஆழத்தில். அரசு என்பது என்ன, அதற்கு எவ்வளவு தூரம் அடங்கலாம், அதற்கு மேலே ஓர் அதிகாரம் இருந்தால் அது ஆபத்தா பாதுகாப்பா என்பவற்றைப் பற்றி ஒவ்வொரு திருச்சபையின் மக்களும் தலைமுறை தலைமுறையாகப் பட்ட அனுபவத்தில் ஒரு மனப்பழக்கத்தைப் பெற்றிருந்தார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை.

ராபர்ட் ஷூமானிலிருந்தே தொடங்கலாம். அவருடைய தந்தை லொரேன் பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். 1871இல் ஜெர்மனி அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டபோது, வீட்டை விட்டு நகராமலேயே ஜெர்மானியர் ஆனார். மகன் 1886இல் லக்சம்பர்க்கில் பிறந்தார். பிறப்பால் ஜெர்மன் குடிமகன். படித்தது ஜெர்மன் பல்கலைக்கழகங்களில். வழக்கறிஞர் தொழில் மெட்ஸ் நகரில். முதல் உலகப் போர் முடிந்து லொரேன் மறுபடி பிரான்சிடம் வந்தபோது, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அவர் பிரெஞ்சுக்காரர் ஆகி 1919இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்த முதல் பெரிய சண்டை எல்லைக்கோட்டைப் பற்றியது அன்று, குருக்களின் சம்பளத்தைப் பற்றியது. திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 1905இல் இயற்றியது. அப்போது லொரேன் ஜெர்மனியில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே பாயவில்லை. நெப்போலியன் காலத்து உடன்படிக்கைப்படி குருக்களுக்கு அரசே ஊதியம் கொடுத்துவந்தது. 1924இல் எரியோ தலைமையிலான இடதுசாரி அரசு, குடியரசின் சட்டம் எல்லா இடத்துக்கும் ஒன்றே என்று சொல்லி அதை இங்கேயும் நீட்டிக்க முயன்றது. அல்சாஸும் லொரேனும் கொதித்தெழுந்தன. அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் இருந்தவர்களில் ஷூமானும் ஒருவர். அரசு பின்வாங்கியது; இன்றைக்கும் ஸ்ட்ராஸ்பர்க், மெட்ஸ் வட்டாரங்களில் கத்தோலிக்கக் குருவும் புராட்டஸ்டண்ட் போதகரும் யூத ரப்பியும் பிரெஞ்சு அரசிடமிருந்து சம்பளம் வாங்குகிறார்கள்.

ஒரே நாடு என்றால் ஒரே சட்டம், இறையாண்மை என்றால் பிரிக்க முடியாத ஒன்று என்ற வாய்ப்பாடு இப்படிப்பட்ட மனிதருக்கு எப்படிப் புனிதமாகத் தோன்றும்? இரண்டு தேசங்கள் மாறி மாறி அவருடைய குடும்பத்துக்குச் சொந்தம் கொண்டாடியிருக்கின்றன. இரண்டுமே அவருடைய திருச்சபையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்திருக்கின்றன.

மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர், அதாவது அரசின் தலைவர், கொன்ராட் அடெனவரின் கதையும் இதே சாயலில் இருக்கிறது. அவர் பிறந்த கொலோன் நகரம் ரைன்லாந்தின் கத்தோலிக்க நகரம். 1815 முதல் புராட்டஸ்டண்ட் பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக நடத்திய 'பண்பாட்டுப் போர்' 1870களில் உச்சத்தில் இருந்தது: இயேசு சபையினர் நாடு கடத்தப்பட்டார்கள், குருக்களின் கல்வியும் நியமனமும் அரசின் அனுமதிக்கு உட்படுத்தப்பட்டன, கொலோன் பேராயர் மெல்கர்ஸ் 1874இல் சிறை வைக்கப்பட்டார். 1876 ஜனவரியில் அடெனவர் பிறந்தபோது அந்தப் பேராயர் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்தார். தாங்கள் குடியிருக்கும் அரசே தங்களை உள்நாட்டு அந்நியர்களாக நடத்திய நினைவோடு வளர்ந்த தலைமுறை அது. பிற்காலத்தில் நாஜிகள் கொலோன் மேயர் பதவியிலிருந்து விரட்டியபோது, அடெனவர் ஏறத்தாழ ஓராண்டு ஒளிந்திருந்த இடம் மரியா லாக் என்ற பெனடிக்டின் மடம்.

மூன்றாமவர் இத்தாலியின் அல்சிதே தெ காஸ்பெரி. அவர் பிறந்த ட்ரென்டினோ அப்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசில் இருந்தது. 1911இல் அவர் உறுப்பினரானது வியன்னா நாடாளுமன்றத்தில். பிறகு இத்தாலியக் குடிமகனாகி, கத்தோலிக்க மக்கள் கட்சியின் தலைவராகி, முசோலினியின் சிறையைக் கண்டு, வெளியே வந்து வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் 1929இல் வத்திக்கான் நூலகத்தில் புத்தகப் பட்டியல் எழுதும் வேலையில் அமர்ந்தார். பின்னாளில் எட்டு ஆண்டுகள் இத்தாலியை ஆண்டவர், பாசிச ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியை அட்டவணைச் சீட்டுகளோடு கழித்தார்.

மூவரும் எல்லைப்புற மனிதர்கள். மூவரும் ஒருவரோடு ஒருவர் ஜெர்மன் மொழியில் பேசிக்கொள்ள முடிந்தவர்கள். மூவருமே தேசிய அரசு தன் சொந்தக் கத்தோலிக்கக் குடிமக்களைச் சந்தேகித்த காலத்தின் பிள்ளைகள். இறையியல் நூல்களில் இருப்பதைவிட இந்த வாழ்க்கைக் குறிப்புகளில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வாழ்க்கை அனுபவம் மட்டும் போதாது. ஒருவரையொருவர் அறிவதற்கு ஓர் இடமும் வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலேயே, 1925இல், ஐரோப்பியக் கத்தோலிக்கக் கட்சிகள் பாரிஸில் ஒரு தொடர்பு அலுவலகம் அமைத்துப் பார்த்தன, அது வலுப்பெறவில்லை. 1947இல் மீண்டும் ஒன்றுகூடின. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து பிரெஞ்சு, ஜெர்மன் தலைவர்கள் சிலர் ஜெனீவாவில் விளம்பரமில்லாமல் சந்திக்கத் தொடங்கினார்கள். போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு பிரெஞ்சு அமைச்சர் ஜெர்மானியரோடு உட்கார்ந்து பேசியது வெளியே தெரிந்தால் அவருடைய அரசியல் வாழ்வே முடிந்துபோகலாம். அப்படிப்பட்ட காலத்தில் அறைக்குள் இருந்தவர்கள் ஒரே திருப்பலியில் பங்கெடுத்தவர்கள், திருத்தந்தையின் ஒரே சுற்றுமடல்களைப் படித்தவர்கள் என்பது சிறிய விஷயம் அன்று.

1950 மே 9 அன்று நடந்தது இதைக் காட்டும். ஷூமானின் தனிப்பட்ட கடிதத்தோடு ஒரு தூதர் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் காத்திருந்தார். அடெனவர் அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்தார். கடிதம் உள்ளே போனது. படித்துவிட்டு, அடிப்படையில் முழு சம்மதம் என்று பதில் சொன்னார். அதே நேரத்தில் பாரிஸிலும் அமைச்சரவை கூடியிருந்தது. பான் ஒப்புக்கொண்ட செய்தி தொலைபேசியில் வந்த பிறகுதான் ஷூமான் தன் சக அமைச்சர்களிடமே திட்டத்தை விரித்தார். அன்று மாலை உலகுக்கு அறிவிப்பு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரிகளாக இருந்த இரு நாடுகளின் நிலக்கரியும் எஃகும் பொதுவான ஓர் உயர் ஆணையத்தின்கீழ் வருவதற்கு, இந்த அளவு தனிப்பட்ட நம்பிக்கை தேவைப்பட்டது.

இந்தக் கத்தோலிக்கச் சாயலை அன்றே எல்லோரும் கவனித்தார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஜெர்மனியின் சமூக ஜனநாயகத் தலைவர் குர்ட் ஷூமாகர், இந்த ஐரோப்பா பழமைவாத, குருமார், முதலாளித்துவ, கார்டெல் (பெருநிறுவனக் கூட்டணி) ஐரோப்பா என்று சாடினார். ஜெர்மன் மொழியில் நான்கு சொற்களும் 'க' ஓசையில் தொடங்கும் என்பதால் அந்த வசை நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குச் சென்ற புராட்டஸ்டண்ட் போதகர் மார்ட்டின் நீமோலர், மேற்கு ஜெர்மனியே வத்திக்கானில் கருவாகி வாஷிங்டனில் பிறந்த குழந்தை என்றார். அவருடைய கசப்புக்குக் காரணம் இருந்தது: லூத்தர் பிறந்து வளர்ந்து போதித்த மண் சோவியத் பகுதியில் சிக்கிக்கொண்டது, பழைய ஜெர்மனியில் மூன்றில் ஒரு பங்காக இருந்த கத்தோலிக்கர்கள், மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ பாதியை நெருங்கிவிட்டார்கள்.

நெதர்லாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1952இல் சோஷலிசப் பிரதமர் வில்லம் ட்ரேஸ் அமைச்சரவை அமைத்தபோது, வெளியுறவுத் துறை தங்களுக்கு வேண்டும் என்று கத்தோலிக்கக் கட்சி கேட்டது. ஒருங்கிணைப்பில் சேர்ந்திருந்த மற்ற ஐந்து நாடுகளின் (பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், லக்சம்பர்க்) ஐரோப்பிய விவகாரங்களும் கத்தோலிக்கர்கள் கையில் இருக்கும்போது ஆறாவதையும் அவர்களுக்கே கொடுத்தால் இது போப்பின் ஐரோப்பாவாகிவிடும் என்று ட்ரேஸ் அஞ்சினார். கடைசியில் ஒரே துறைக்கு இரண்டு அமைச்சர்கள்: கத்தோலிக்கரான யோசெஃப் லுன்ஸ் ஒருவர், கட்சி சாராத வங்கியாளர் பேயன் மற்றவர். சின்னஞ்சிறு நாட்டுக்கு ஏன் இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் என்று கேட்டவர்களிடம், நாடு சிறியது என்பதால்தான், வெளிநாடு அவ்வளவு பெரியதாக இருக்கிறதே என்று லுன்ஸ் சொல்வாராம். ஐரோப்பிய விவகாரம் பேயனிடம் போனது. அவர் முன்வைத்த பொதுச்சந்தைத் திட்டம்தான், பிரெஞ்சு நாடாளுமன்றம் 1954 ஆகஸ்டில் பொது ராணுவம் அமைக்கும் திட்டமான ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத்தைக் கவிழ்த்த பிறகு, 1955இல் மெசினா மாநாட்டில் உயிர்பெற்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957இன் ரோம் ஒப்பந்தமாக வளர்ந்தது. கத்தோலிக்கர் ஆதிக்கத்துக்குப் பயந்து நியமிக்கப்பட்ட மனிதர், கத்தோலிக்கர்கள் தொடங்கிய வேலைக்கு இரண்டாம் உயிர் கொடுத்தார்.

இப்போது மறுகரைக்கு வருவோம். புராட்டஸ்டண்ட் நாடுகளின் தயக்கத்தை வெறும் கத்தோலிக்க வெறுப்பு என்று சுருக்கிவிடுவது அநியாயம். அங்கே தேசமும் திருச்சபையும் கூடவே பிறந்தவை. 1533இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் இயற்றிய மேல்முறையீட்டுத் தடைச் சட்டத்தைப் படித்தால் இது விளங்கும். இங்கிலாந்து என்பது தனக்கு மேல் எவரையும் ஏற்காத ஒரு பேரரசு, எனவே இங்கே எழும் வழக்குகளை ரோமுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 'ரோம்' என்ற இடத்தில் 'லக்சம்பர்க் நீதிமன்றம்' (ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம்) என்று மாற்றிப் படித்தால், 2016ஆம் ஆண்டின் பிரெக்ஸிட் பிரசார மேடைகளில் கேட்ட வாதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த மேடைகளில் பேசியவர்களில் பலர் கோயில் வாசலையே மிதிக்காதவர்களாக இருக்கலாம். வாதத்தின் வடிவம் நானூற்று எண்பது ஆண்டுப் பழையது. எல்லைக்கு வெளியே இருக்கும் மேலதிகாரத்திலிருந்து விடுபட்ட கதையே தங்கள் விடுதலைக் கதை என்று கற்ற மக்களிடம், எல்லைக்கு வெளியே புதிதாக ஒரு மேலதிகாரத்தை ஏற்கச் சொன்னால் அவர்களுக்குக் கூசத்தான் செய்யும்.

நார்வேயில் இதே உணர்வு வேறு உருவம் எடுத்தது. அங்கே தலைநகரத்தின் அரசுத் திருச்சபையை ஐயத்தோடு பார்த்த எளிய பக்தர் இயக்கம் ஒன்று தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் வேரூன்றியிருந்தது. ஊர்தோறும் குருவானவர் இல்லாமலேயே மக்கள் கூடிப் படித்துப் பாடும் செபக்கூடங்கள், மதுவிலக்கு, நகரத்து எழுத்துமொழிக்கு எதிராக நாட்டுப்புற எழுத்துமொழி. ஆஸ்லோவே தூரம் என்று நினைத்தவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் எவ்வளவு தூரமாகத் தெரிந்திருக்கும்! 1972 வாக்கெடுப்பில் 53.5 சதவீதமும் 1994இல் 52.2 சதவீதமும் வேண்டாம் என்றார்கள். மீனவர்களும் விவசாயிகளும் தங்கள் வருமானத்துக்காகவே எதிர்த்தார்கள் என்பது உண்மை; ஆனால் 1972 தோல்விக்குப் பிறகு பிரதமர் நாற்காலியில் அமர்ந்தவர் கிறிஸ்தவ மக்கள் கட்சியின் லார்ஸ் கோர்வால்ட் என்பதையும் மறக்க வேண்டாம். 'கிறிஸ்தவ' என்று பெயர் சூடிய கட்சி ரைன் கரையில் ஐரோப்பாவைக் கட்டியது. அதே பெயரோடு நார்வேயில் அதற்குக் கதவடைத்தது.

தீவிர முனையில் இருந்தவர்கள் விவிலியத்தின் திருவெளிப்பாடு நூலையே துணைக்கு அழைத்தார்கள். 1981இல் கிரேக்கம் சேர்ந்து உறுப்பு நாடுகள் பத்தாக ஆனபோது, அந்த நூலில் வரும் பத்துக் கொம்புள்ள மிருகம் இதுதான் என்று சிலர் பிரசங்கித்தார்கள். ஐந்தே ஆண்டில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிட்டன. வட அயர்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் போதகரும் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருமான இயன் பெய்ஸ்லி அத்தோடு நிற்கவில்லை. 1988 அக்டோபர் 11 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் அந்த நாடாளுமன்றத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரையாற்ற எழுந்தபோது, அவரை எதிர்க்கிறிஸ்து என்று அறிவிக்கும் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெய்ஸ்லி கத்தத் தொடங்கினார். அட்டையைப் பிடுங்கியவர்களில் ஒருவர் பவேரியாவின் உறுப்பினர் ஓட்டோ ஃபொன் ஹாப்ஸ்பர்க், ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசருடைய மூத்த மகன், வயது 75. சீர்திருத்தக் காலத்துப் போர்களின் இரு தரப்பு வாரிசுகளும் ஒரு காகித அட்டைக்காக இழுபறி செய்ததை மற்ற உறுப்பினர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த விளக்கத்தை எங்கும் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்லாந்து லூத்தரன் நாடு. யூரோ நாணயத்தை முதல் வரிசையிலேயே ஏற்றது. ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டர் எல்லை வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. ஆஸ்திரியா கத்தோலிக்க நாடு. நடுநிலை நாடாக இருந்ததால் 1995 வரை வெளியே நின்றது. பிராங்கோவின் ஸ்பெயின் கத்தோலிக்கம் பேசிய சர்வாதிகாரம். அதை எவரும் உள்ளே விடவில்லை. ஆறு நாடுகளிலேயே, 1954இல் மீண்டும் பெல்ஜியத்தின் வெளியுறவு அமைச்சரான பால்-ஹென்றி ஸ்பாக் சோஷலிஸ்ட். 1951இல் நிலக்கரி, எஃகுக்கான பாரிஸ் ஒப்பந்தத்தில் இத்தாலிக்காகக் கையெழுத்திட்ட ஸ்ஃபோர்ஸா கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர் அல்லர். அமெரிக்க உதவியான மார்ஷல் திட்டத்தின் பணமும் ஸ்டாலின் மீதான பயமும் இல்லாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. மத மரபு ஒருங்கிணைப்பை உண்டாக்கவில்லை. ஒருங்கிணைப்புக்கு வந்த பல வழிகளில் நாட்டுக்கு மேலான ஆணையம் என்ற துணிச்சலான வழியை யார் கூச்சமில்லாமல் ஏற்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. பிரிட்டனுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் ஒத்துழைப்பு பிடிக்காமல் இல்லை. 1960இல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் அமைத்த தடையற்ற வணிகச் சங்கம் அதற்குச் சாட்சி. அதில் இல்லாதது மேலதிகாரம் ஒன்றுதான்.

கொள்கை அளவில் கத்தோலிக்கச் சிந்தனை விட்டுச்சென்ற தெளிவான தடம் என்றால், கீழ்மட்டம் செய்ய முடிந்ததை மேல்மட்டம் பறிக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லலாம். பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சுற்றுமடலில், அரசு குடும்பத்தையும் சங்கங்களையும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக வகுத்த விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கி 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் அது சட்டமாகவே நுழைந்தது. கத்தோலிக்கத் தொழிற்சங்கப் பின்னணியிலிருந்து வந்த ஷாக் தெலோர் அப்போது பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர். வேடிக்கை என்னவென்றால், அதை அதிகம் கொண்டாடியது லண்டன். பிரஸ்ஸல்ஸிடமிருந்து தேசிய அரசைக் காக்கும் கேடயமாக அதைப் படித்தார்கள். தேசிய அரசிடமிருந்து ஊரையும் குடும்பத்தையும் காக்கத்தான் அது பிறந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

இந்த மரபுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டால், பெயரளவில் இருக்கின்றன. 2003, 2004இல் ஐரோப்பிய அரசியலமைப்பின் முகவுரையில் கிறிஸ்தவத்தைக் குறிப்பிட வேண்டும் என்று போலந்தும் இத்தாலியும் ஸ்பெயினும் வாதாடின. பிரான்ஸும் பெல்ஜியமும் மறுத்தன. கடைசியில் 'பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு' என்ற பொத்தாம்பொதுச் சொற்றொடர் மிஞ்சியது; கைவிடப்பட்ட அந்த அரசியலமைப்புக்குப் பதிலாக வந்த லிஸ்பன் ஒப்பந்தம் அதையே ஏற்றது. ஆனால் அதே காலத்தில், 2003 மே மாதத்தில், இரண்டாம் ஜான் பால் தம் நாட்டவரிடம் 'லுப்ளின் ஒன்றியத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு' என்று, போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றிணைந்த 16ஆம் நூற்றாண்டு வரலாற்றை நினைவூட்டிப் பேசினார். அடுத்த மாத வாக்கெடுப்பில் வாக்களித்த போலந்து மக்களில் 77 சதவீதம் பேர் சேர்வதை ஆதரித்தார்கள். கத்தோலிக்க வானொலி ஒன்றே எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்த நாட்டில், அந்த ஒரு வாக்கியத்துக்கு எடை இருந்தது.

அதற்குப் பிறகு கிறிஸ்தவ ஜனநாயகம் என்ற சொல்லே கைமாறிக்கொண்டிருக்கிறது. 1976இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் சேர்ந்து அமைத்த ஐரோப்பிய மக்கள் கட்சி, எண்ணிக்கைக்காகப் பெர்லுஸ்கோனியின் கட்சி வரை சேர்த்துக்கொண்டு பொதுவான வலதுசாரிக் கூடாரமாக விரிந்துவிட்டது. ஹங்கேரியின் விக்டர் ஓர்பான், கால்வினிசத் திருச்சபையைச் சேர்ந்தவர், தாம்தான் உண்மையான கிறிஸ்தவ ஜனநாயகத்தைக் காப்பவர் என்கிறார். அவர் சொல்லும் கிறிஸ்தவ ஐரோப்பாவில் தேசிய இறையாண்மையே முதல் கட்டளை. ஷூமான் தப்பி ஓட நினைத்த இடத்துக்கே அது திரும்பிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய ஃபிடெஸ் கட்சி 2021 மார்ச்சில் ஐரோப்பிய மக்கள் கட்சியிலிருந்து வெளியேறியது. மூன்று மாதம் கழித்து, ஜூனில், திருத்தந்தை பிரான்சிஸ் ராபர்ட் ஷூமானை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார். அடுத்த படியான அருளாளர் பட்டத்துக்கு, அவருடைய பரிந்துரையால் ஓர் அற்புதம் நிகழ்ந்தது என்று வத்திக்கான் ஏற்க வேண்டும்; எஃகு ஒப்பந்தம் அந்தக் கணக்கில் சேராது.